ஆறு வயதுக்குள் அடங்கிய அண்டம்

தில்லி மாநகரின் தெற்கே, ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜங்புராவை ஒட்டி பாராபுல்லா நாலா யமுனையை நோக்கிச் செல்கிறது. ஜஹாங்கீர் காலத்துக் கல்பாலம் ஒன்று அந்த நீர்வழிக்குப் பெயர் தந்தது. சற்றுத் தொலைவில் ஹுமாயூனின் கல்லறை நிற்கிறது. அதன் வெண்பளிங்குக் கும்மட்டத்தைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அண்ணாந்து பார்த்து, மனிதக் கைகளால் இப்படியும் ஆகுமா என்று வியந்து நிற்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாலாவின் கரையில், மதராசி கேம்ப் என்று தில்லி அழைத்த தமிழர் குடியிருப்பில், அதைவிட நுட்பமான ஒரு கட்டுமானம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வீடுதோறும் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. பிழைப்புத் தேடி வடக்கே வந்த குடும்பங்களின் குறுகிய வீடுகளில், தூளியில் கிடந்த சிசு தன் கையே தன்னுடையது என்று கண்டுபிடித்தது; கண்டுபிடித்ததை வாயில் வைத்துச் சோதித்தது; சிரித்தது; தவழ்ந்தது; ஒரு நாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றது. ரயிலும் மேம்பாலமும் ஓயாமல் இரைந்த அந்த இடத்தில், படைப்பின் மாபெரும் வேலை எந்த அறிவிப்பும் இல்லாமல் நடந்தேறியது.

நாமும் நம் வீடுகளில் இதைத் தினமும் பார்க்கிறோம். பார்த்தும் பாராதவர்களாகக் கடந்து போகிறோம். குழந்தை குப்புற விழுந்தால் ஒரு படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புகிறோம். முதல் பல்லுக்கு மகிழ்கிறோம். பிறகு அலுவல் அழைக்கிறது, அடுப்பு அழைக்கிறது. அந்தச் சிறு உடலுக்குள் அந்த நொடியில் என்ன நிகழ்கிறது என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தால், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் நம் அவசரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதன் அருகே செல்வோம்.

பிறந்த குழந்தையின் மூளை 400 கிராமுக்கும் குறைவு. ஒரு கைக்குள் அடங்கும். மனித மூளை முழுமை பெறும்போது அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கும் என்று அறிவியல் கணக்கிடுகிறது. அவற்றில் பெருமூளைக்கு உரியவை பெரும்பாலும் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. கருவறையின் இருளில், ஒன்பது மாதத்துக்குள், பால்வீதியின் விண்மீன்களோடு எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு கூட்டம் ஒழுங்காக அணிவகுத்து நின்றுவிடுகிறது. பிறந்த பிறகு நடப்பது அதைவிடப் பெரிது. அணுவுக்கும் அணுவுக்கும் உறவு பிறக்கிறது. முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய இணைப்புகள் உண்டாகின்றன. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள், எங்கோ ஒரு தூளிக்குள் பல லட்சம் பாலங்கள் கட்டப்பட்டுவிட்டன. இரண்டு வயதில் மூளை தன் முழு எடையில் முக்கால் பங்கை எட்டுகிறது. ஆறு வயதில் பத்தில் ஒன்பது பங்கை. ஐந்து வயதுக் குழந்தை ஓய்ந்திருக்கும்போது அதன் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. நாம் ஊட்டும் பருப்புச் சோற்றின் பெரும்பகுதி சிந்தனையாகிறது, சொல்லாகிறது, நாளைய நினைவாகிறது.

கட்டுவதோடு இந்த வேலை நின்றுவிடுவதும் இல்லை. தேவைக்கு மிகுதியாக இணைப்புகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, பயன்படுபவற்றை உறுதிசெய்து, பயன்படாதவற்றை மெல்ல மெல்ல நீக்குகிறது இயற்கை. பார்வைக்குரிய மூளைப்பகுதியில் இந்த மிகுதி முதல் ஆண்டுக்குள்ளேயே உச்சம் தொட்டுவிடுகிறது. பிறகு குழந்தை எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, யார் மடியில் கிடக்கிறதோ, அதற்கேற்ப மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. தில்லியில் பிறந்தாலும் திண்டிவனத்தில் பிறந்தாலும், மாளிகையில் பிறந்தாலும் நாலாக்கரையில் பிறந்தாலும், தொடக்க முதலீடு எல்லோருக்கும் ஒன்றே. அந்தச் சமநீதியை நினைத்தால் கைகள் தாமே குவிகின்றன.

குழந்தையின் வளர்ச்சியை இன்றைய அறிஞர்கள் சில துறைகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: உடலும் அசைவும், மொழி, அறிவு, மனித உறவும் உணர்வும். இந்தப் பகுப்பு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் ஒரு குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளை உற்று நோக்கி, மாதம் மாதமாக நிறுத்தி வணங்கியிருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் அந்த வணக்கத்தின் வடிவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவங்கள் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் மூன்று மூன்று பருவங்கள் தொடரும். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, கையூன்றி, தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி. ஓராண்டு நிறையும் வேளையில் தளர்நடையிட்டு வரும் வருகை. மீனாட்சியையும் முருகனையும் பாடியபோதும், புலவர்களின் கண்முன் இருந்தவை நம் வீட்டுக் குழந்தைகள்தாம். குழந்தை வளர்வதில் ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கு தொழத்தக்கது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அந்த ஒழுங்கை உடலிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். வளர்ச்சி தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது; நடுவுடலிலிருந்து விரல்நுனிக்குப் பரவுகிறது. முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு முதுகு நிமிர்கிறது. பிறகு இடுப்பு, முழங்கால், பாதம். பிறக்கும்போது ஏறத்தாழ 300 துண்டுகளாக இருக்கும் எலும்புகள், வளர வளரக் கூடி 206 ஆகின்றன. முழங்கால் சில்லு தொடக்கத்தில் குருத்தெலும்பாகவே இருக்கிறது. தவழும் பருவத்தில் தரையில் தேய்ந்தாலும் நோகாத மென்மை அதற்கு. ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காகிறது. ஓராண்டில் மூன்று மடங்கு. இப்படி ஒரு வேகம் அதன் பிறகு வாழ்நாளில் திரும்பி வருவதே இல்லை.

நடை பழகும் குழந்தையை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! விழுந்தால் பதறித் தூக்குகிறோம். ஆனால் அந்த விழுதலின் பெருமையை எண்ணியதுண்டா? கேரன் அடால்ஃப் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடுவதை அருகிருந்து எண்ணினார்கள். 2012இல் வெளியான அந்தக் கணக்கின்படி, சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தை 2,368 அடிகள் எடுத்து வைத்தது. 17 முறை விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்தது. யாரும் மதிப்பெண் தரவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தோல்வி என்ற எண்ணமே அந்த மனத்தில் இல்லை. எழுவது ஒன்றே அதற்குத் தெரிந்தது. மதராசி கேம்ப்பின் மேடு பள்ளமான சந்துகளில் நடை பழகிய பிள்ளைகளும் அப்படித்தான் விழுந்து எழுந்தார்கள். வளர்ந்த பிறகு ஒரே ஒரு சறுக்கலில் மனமுடைந்து உட்கார்ந்துவிடும் நாம், ஒரு காலத்தில் மணிக்குப் பதினேழு முறை எழுந்தவர்கள் என்பதை மறந்துவிட்டோம்.

பெரிய அசைவுகள் இப்படி நடக்கும்போதே கையில் வேறொரு நுட்பம் அரும்புகிறது. முதலில் உள்ளங்கை முழுவதையும் கொண்டு அள்ளுகிற குழந்தை, ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை எடுக்கிறது. தாய் கவனிக்காமல் விட்ட ஓர் அரிசி, ஓர் எறும்பு, ஒரு நூல்துண்டு எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்புவதில்லை. பூத்தொடுப்பதும், கோலத்துக்குப் புள்ளி வைப்பதும், எழுதுகோல் பிடிப்பதும், ஒருநாள் அறுவைக் கத்தியைப் பிடித்து ஓர் உயிரைக் காப்பதும் அந்த இரு விரல்களின் சந்திப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.

மொழியின் அதிசயமோ கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாட்களிலேயே வேறு பெண்களின் குரலிலிருந்து அதைப் பிரித்தறிகிறது. மதராசி கேம்ப்பின் தாய்மார்களில் பலர் ஜங்புராவிலும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீட்டுவேலைக்குச் சென்றவர்கள். பாத்திரம் துலக்கும் ஓசையும், எஜமானியோடு பேசிய இந்தியும், மாலையில் வீடு திரும்பிக் கணவனோடும் மாமியாரோடும் பேசிய தமிழும் அந்தக் கருவறைகளுக்குள் இறங்கியிருக்கும். தமிழின் தாளம் இன்னது என்று, ஒரு சொல்லின் பொருளும் அறியாத காலத்திலேயே அந்தச் செவிகள் கற்றுக்கொண்டன.

கற்றுக்கொள்ளும் வழியும் வியப்புக்குரியது. ஆறேழு மாதக் குழந்தை உலகின் எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியும் ஆற்றலோடு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர் 1980களில் ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைக் கேட்கச் செய்தார். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ எளிதாகக் கண்டுகொண்டார்கள். ஓராண்டை நெருங்கும்போது அந்த ஆற்றல் பெரும்பாலும் மறைந்திருந்தது. தம்மைச் சுற்றிப் பேசப்படாத ஒலிகளை மூளை கைவிட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் உலகக் குடிமகனாகப் பிறந்து, பிறகு ஒரு வீட்டின் பிள்ளையாகிறது. வாசலுக்கு உள்ளே தமிழும் வெளியே இந்தியும் ஒலித்த கேம்ப்பின் சந்துகளில் குழந்தைகள் இரண்டையும் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். பாட்டியிடம் எந்த மொழி, தெருமுனைக் கடைக்காரரிடம் எந்த மொழி என்று யாரும் சொல்லித் தராமலே, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பெரியவர்கள் பல ஆண்டுகள் அமர்ந்து படித்தும் எட்டாத ஒன்றை, மண்ணில் விளையாடிக்கொண்டே அவர்கள் எட்டினார்கள்.

அறிவு விழிக்கும் விதத்தை எண்ணுங்கள். முகத்தை முந்தானையால் மூடித் திறந்து காட்டினால் குழந்தை குலுங்கிச் சிரிக்கிறது. நமக்கு அது விளையாட்டு. அதற்கு அது மெய்யியல். கண்ணுக்கு மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற உண்மையை அது அப்போதுதான் கைக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே தம் சொந்தப் பிள்ளைகளின் விளையாட்டை உற்று நோக்கியே இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். மறைத்து வைத்த கிலுகிலுப்பையைத் துணியை விலக்கித் தேடும் எட்டு ஒன்பது மாதக் குழந்தை, காணாததை மனத்தில் வைத்திருக்கும் பேராற்றலைப் பெற்றுவிட்டது. நினைவும் நம்பிக்கையும் அங்கிருந்து புறப்படுகின்றன. காணாத கடவுளை நாம் தேடுவதும்கூட அந்தத் தேடலின் நீட்சிதான் போலும்.

நிலவைக் காட்டிச் சோறூட்டும்போது, தாயின் விரல்நுனியை விட்டு விரல் காட்டும் திசையைக் குழந்தை பார்க்கிறது. அந்த ஒரு கணத்தில், எட்டாத் தொலைவிலுள்ள ஒரு பொருளை இரண்டு மனங்கள் சேர்ந்து காண்கின்றன. அம்புலிப் பருவம் என்று தனியே ஒரு பருவத்தை நம் புலவர்கள் ஏன் வைத்தார்கள் என்பது அப்போது புரிகிறது. மூன்று வயதில் கொட்டாங்கச்சி பாத்திரமாகிறது, மணல் சோறாகிறது, குச்சி கரண்டியாகிறது. ஒன்றை இன்னொன்றாகக் காணும் அந்தக் கற்பனையிலிருந்தே எழுத்தும் எண்ணும் கலையும் பிறக்கின்றன. ‘அ’ என்னும் கோட்டுருவம் ஓர் ஒலியாவதும் அதே கற்பனையால்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒன்று உண்டு. அது அன்பு. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தொலைவு ஒரு சாணுக்குச் சற்று மேல். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தொலைவு அதே அளவு. வேறு எதையும் காட்டுவதற்கு முன், ஒரு முகத்தைக் காட்டவேண்டும் என்று இந்தக் கண் அமைந்திருக்கிறது. ஆறாவது வாரத்தை ஒட்டி, அந்த முகத்தைப் பார்த்துக் குழந்தை முதன்முறையாகச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குத் தாய் சிரித்தால், குழந்தை மீண்டும் சிரிக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நரம்புகள் உறுதிப்படுகின்றன. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்னும் அமெரிக்க அறிஞர், தாய்மார்களைச் சில நிமிடங்கள் மட்டும் குழந்தையின் எதிரே எந்த உணர்ச்சியும் காட்டாமல் அமரச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, குரல் கொடுத்தது, பதில் இல்லாதபோது கலங்கி முகம் திருப்பிக்கொண்டது. கைப்பேசியில் கண் பதித்து, மடியில் உள்ள குழந்தையின் மழலைக்கு ‘ம்’ கொட்டும் நாம் ஒவ்வொருவரும் இந்த ஆய்வை நினைவில் வைக்க வேண்டும்.

அன்பைப் பெறும் உயிர் அதைத் திருப்பித் தரவும் அப்போதே கற்கிறது. பதினெட்டு மாதக் குழந்தைகளின் எதிரே ஒருவர் துணி காயப்போடும் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முயல்கிறார். யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் எழுந்து தத்தி நடந்துபோய் அதை எடுத்துக் கொடுத்தார்கள். ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் இதை வெளியிட்டபோது, உதவும் குணம் எவ்வளவு இளமையிலேயே முளைவிடுகிறது என்று உலகம் கண்டது. நான்கு வயதை ஒட்டி, இன்னொருவர் மனத்தில் உள்ளது தன் மனத்தில் உள்ளதிலிருந்து வேறானது என்பதும் குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் அறத்துக்கு அதுவே வாசல்.

இப்படித் தனித்தனியே சொல்லிவந்தாலும், குழந்தை தனித்தனியாக வளர்வதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் பாவும் ஊடும் பிணைவதுபோல், உடலும் மொழியும் அறிவும் அன்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன. ஓர் இழையை இழுத்தால் சேலை முழுவதும் சுருங்கும். தவழ்ந்து பழகிய பிறகே குழந்தைக்கு உயரத்தைக் கண்டு அச்சம் வருகிறது; ஆக முழங்கால் அறிவுக்கு ஆசானாகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தாயிடம் வந்து காட்டுகிறது. தாய் அதன் பெயரைச் சொல்கிறாள். ஆகப் பாதம் சொல்லைத் தேடித் தருகிறது. மடியில் அச்சமின்றி இருந்த குழந்தையே துணிந்து இறங்கி உலகை ஆராய்கிறது. ஆக அன்பு அறிவுக்கு அடித்தளமாகிறது. பசித்த வயிறு விளையாடுவதில்லை. விளையாடாத கை கற்பதில்லை.

இதில் இன்னொரு மறைபொருளும் உண்டு. பிறந்த சற்று நேரத்தில் கன்றுக்குட்டி எழுந்து நிற்கிறது. மனிதக் குழந்தையோ தலையைக்கூடத் தூக்கமுடியாமல் கிடக்கிறது. படைப்பின் மகுடமென்று நாம் கருதும் உயிரை ஏன் இத்தனை ஆதரவற்றதாக அனுப்பினான் இறைவன்? வேலையை முழுதாக முடித்து அனுப்பாமல், ஒரு பகுதியை நம் கையில் விட்டுவைத்திருக்கிறான் என்றே தோன்றுகிறது. மூளை வளர்வதற்குக் குரல் வேண்டும், முகம் வேண்டும், மடி வேண்டும். அவற்றைத் தாய் ஒருத்தியால் மட்டும் தந்துவிட முடியாது. மனிதக் குழந்தை பல கைகளில் வளர்வதற்கென்றே உருவானது என்று மானுடவியலாளர் சாரா ஹார்டி 2009இல் எழுதிய நூலில் விரிவாக விளக்கினார். பாட்டி, சித்தி, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை என்று ஒரு தெருவே சேர்ந்துதான் ஒரு பிள்ளையை ஆளாக்குகிறது. தாய் விடியற்காலையில் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுப் போகும் ஏற்பாடு எந்த ஏழைக் குடியிருப்பிலும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வறுமையும் நெரிசலும் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் மனிதரும் உண்டு.

2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் பாராபுல்லா நாலா அடைபட்டு நகரம் வெள்ளத்தில் மூழ்காதிருக்க, கரையை விடுவிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் மே மாதத்தில் ஆணையிட்டிருந்தது. ஏறத்தாழ 370 வீடுகள் தரைமட்டமாயின. பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவர்களுக்கு நகரின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவர்களுக்கு அதுவும் இல்லை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நீர் தன் வழியே ஓடவேண்டும். அதுவும் இயற்கையின் விதிதான். ஆனால் அந்த நாளைக் குழந்தையின் உயரத்தில் நின்று பார்க்க நம்மால் முடிகிறதா? எட்டு மாதக் குழந்தை அப்போதுதான் தெரிந்த முகத்தைத் தேடி, தெரியாத முகத்தைக் கண்டு மிரளத் தொடங்கியிருக்கும். மூன்று வயதுக் குழந்தை எந்த வாசலில் போனால் யார் முறுக்கு தருவார்கள் என்று அறிந்திருக்கும். அதன் உலக வரைபடம் அந்தச் சந்துதான். பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், மணலில் கட்டிய எங்கள் சிறு வீட்டைக் காலால் கலைத்துவிடாதே என்று சிறுமியர் ஆண்பிள்ளையிடம் இறைஞ்சுவார்கள். மணல்வீட்டுக்கே அவ்வளவு இரக்கம் காட்டிய மொழி நம்முடையது. அங்கே கலைந்தது மெய்யான வீடு. லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, நடந்துபோகும் தொலைவை விட்டு நகரின் மறுகோடிக்கு விலகியதுபோல் ஆயிற்று. வேலை ஜங்புராவில், வீடு நரேலாவில் என்றான தாய்க்குக் குழந்தையோடு சிரித்துப் பேசும் நேரம் பேருந்துப் பயணத்தில் கரைகிறது. மாடிக்கு மாடி புதிய முகங்கள். பழைய பாட்டி எந்தக் கட்டடத்திலோ, அல்லது ஊரிலோ.

குழந்தை வளரப் பல கைகள் வேண்டும் என்பதை உணர்ந்து முன்னமே கைகொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்கால ஆண்டுகளை அங்கும் கொடைக்கானலிலும் கழித்தபடி, குழந்தையின் கை வழியே அறிவு வளர்வதை நம் ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். அதே தில்லியில் 1969இல், கட்டடத் தொழிலாளிகளின் குழந்தைகள் செங்கல் குவியலுக்கு நடுவே கிடப்பதைக் கண்டு, மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கிய பணி ‘மொபைல் க்ரெஷஸ்’ என்ற இயக்கமாயிற்று. தாய் எங்கே உழைக்கிறாளோ அங்கேயே குழந்தைக்கு ஓர் இடம் என்பது அதன் நெறி. முன்பருவக் கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல், சத்துணவும் நலவாழ்வும் கல்வியும் ஒன்றாகச் சென்றால்தான் குழந்தை வளரும் என்ற பார்வையை அரசின் முன் வைத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாகப் பரந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கும் இலை போட்டது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள், தில்லியில் 30.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25. உயரம் குறைந்த ஒவ்வொரு குழந்தையிலும் சொல்லும் சிந்தனையும்கூட வாடியிருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

இறைவன் நொடிக்குப் பத்து லட்சம் இணைப்புகள் என்று வாரி வழங்குகிறான். அவற்றில் எவை நிலைக்கும் என்பதை நம் மடியும் நம் பேச்சும் நம் தெருவும் தீர்மானிக்கின்றன. இந்தப் பொறுப்பைவிடப் புனிதமான ஒன்று நமக்குத் தரப்படவில்லை. ஆகவே இனி எந்த நகரம் எந்தக் குடியிருப்பை இடம்மாற்றினாலும், வீடுகளைக் கணக்கெடுக்கும் கை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கணக்கெடுக்கட்டும். சாவி கைமாறும் நாளில் அங்கன்வாடியின் கதவு திறந்திருக்கட்டும். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அக்கம்பக்கத்திலேயே வீடு ஒதுக்கப்படட்டும். தில்லியில் வாழும் தமிழர்களே, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருகிறாள் என்று இன்று ஒரு முறை கேளுங்கள். கேட்ட பிறகு உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்.